பங்கு டீ

எண்பத்திரண்டில் எங்கள் ஊர் போபோடி சர்ச் ஹாலில், அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களைப் பற்றிய டாக்குமெண்டரி ஒன்றைப் போட்டார்கள். சிகாகோவிலிருக்கும் என் கணவர் தேவநேசனும் அதில் வருகிறாராம். எனக்கு விசா கிடைக்கவில்லை என்றே வருடக்கணக்காகச் சொல்லிவரும் மனிதர். என்னதான் சொல்கிறார் பார்ப்போமென்று போனேன்.

திரையில், சமையலறை மேஜை முன் உட்கார்ந்து, தனியாக வாழ்வதாக இங்கிலீஷில் சொல்லிக் கண்கலங்கினார்.

"பாவம்க்கா அத்தான்," என்று என் தங்கை ஆட்ரி மூக்கை உறிஞ்சினாள்.

அவர் இங்கே வீட்டில் இருந்தபோது நாங்கள் ஒரே டீயைத்தான் பங்கு போடுவோம். கப் அவருக்கு, சாசர் எனக்கு. திரையிலும் பேசிக்கொண்டே பாதி டீயைச் சாசரில் ஊற்றி, பழக்கதோஷத்தில் மேஜையின் மறுபக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் படத்தில் தெரியவில்லை.

"அழாம அந்தச் சாசரைப் பாருடி," என்றேன்.

அது காலியாகத் திரும்பி வந்தது.