தாழங்குளம், ஏழாம் பாரம்

"இங்க புத்தகம் விக்கிறவரு வூடு எது?" என்று வாசலில் ஒரு பெண் குரல் கேட்டபோது, நான் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். புதுச்சேரியில் எங்கள் உப்பளம் பேட்டையில் கருவாடு விற்பவர் உண்டு, பழைய கப்பல் சங்கிலியை எடைக்கு விற்பவர் உண்டு, தேர்தல் வந்தால் ஓட்டு விற்பவர்கூட உண்டு. புத்தகம் விற்பவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பிறகுதான் அது நானேதான் என்று உறைத்தது. கீழைக்கடல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதி உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை காலத்தில் புத்தகம் கேட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினால், டிரைவர் பக்கத்தில் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கும். அதிலும் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். எங்கள் கேட்டுக்கு வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா ஒரே மத்தியானத்தில் செய்த வியாபாரத்தை நாங்கள் ஒரு துணைவேந்தர் காலம் முழுக்கச் செய்ததில்லை. அப்படிப்பட்டவனை வீடு தேடி ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்! "கமலா, டீ போடு, வாசகி வந்திருக்காங்க" என்று கத்தினேன்.

"வாசகியா? கடன் கேக்க வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க" என்றாள் என் மனைவி ஜன்னல் வழியே.

வந்தவள் பெயர் கொளஞ்சி. ஐம்பது வயதிருக்கும். தவளக்குப்பம் கடைத்தெருவைத் தாண்டி மேற்கே போனால் வரும் சின்ன ஊர். நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர், அதைப் போடுவதும் பறிப்பதும்தான் வேலை. வேகவைத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்க தாழங்கொளத்தப் பத்தி எழுதன புத்தகம் வேணும் சார். வியாழக்கெழம கூட்டம். அதுக்குள்ள வேணும்."

விஷயம் இதுதான். ஊர்ப் பொதுவில் இருக்கும் தாழங்குளத்தைத் தூர்த்து, வாரக் கடைசியில் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு விடுதி கட்டப்போகிறார்கள். குளமே கிடையாது, பதிவேட்டில் தரிசு என்றுதான் இருக்கிறது என்கிறார் அதிகாரி. செல்போனில் மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால், அது மழைத்தண்ணீர் தேங்கியது என்கிறார். குளம் என்று படித்தவர்கள் யாராவது ஆராய்ச்சி செய்து அச்சில் போட்டிருந்தால் கொண்டுவாருங்கள், வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவுடன் கொளஞ்சிக்கு முருகையன் சார் ஞாபகம் வந்துவிட்டது. பேராசிரியர் முருகையன் அந்தப் பக்கத்துக் குளம் குட்டை வாய்க்கால் ஒன்று விடாமல் மாணவர்களோடு நடந்தவர். தாழங்குளத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், சேற்றில் இறங்கிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவள் இவள்தான். "நீங்க சொன்னதெல்லாம் புத்தகமா வரும்மா, உங்க ஊருக்கே திரும்பி வரும்"னு அவர் சொன்னாராம். வெளியீட்டு விழாவுக்கும் இவளை அழைத்திருந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஜிகினாத் தாளைப் பிரித்து மந்திரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டியதை இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறாள்.

"இருக்குதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் பாத்தேன்."

இந்த இடத்தில் எங்கள் பதிப்பகத்தின் சாஸ்திரத்தைச் சொல்லியாக வேண்டும். விழாத் தேதி குறித்த பிறகுதான் எங்களுக்கு அச்சடிக்கவே கை வரும். அச்சாகி வரும் பெரிய தாளுக்கு பாரம் என்று பெயர். ஒரு பாரத்தை மடித்தால் பதினாறு பக்கம். எல்லாப் பாரத்தையும் மடித்து, அடுக்கி, தைத்து, அட்டை போடுவதற்குள் விழா வந்துவிடும். அதனால் விழா மேடைக்கு மட்டும் அவசரமாக ஐந்து பிரதி கட்டுவோம். மற்றதெல்லாம் 'பிறகு'. இந்தப் பிறகு என்பது எங்கள் அலுவலகத்தில் கடவுளுக்குச் சமம், யாரும் நேரில் பார்த்ததில்லை. பைண்டிங்குக்கு மூன்று பேர் விலைப்புள்ளி தர வேண்டும் என்பது விதி. புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் இரண்டு பைண்டர்தான் தேறுவார்கள். ஒருவர் செத்து அவர் மகன் தொழிலுக்கு வந்தால் மறுபடியும் இரண்டுதான். ஆக, மேடையில் பிறந்த எங்கள் புத்தகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மேடையிலேயே மாண்டவை. ஆண்டறிக்கையில் மட்டும் அவை தலைநிமிர்ந்து வாழும்.

முருகையன் சாரின் 'தென்கரை நீர்நிலைகள்' புத்தகமும் ஐந்து பிரதிதான். ஒன்று மந்திரிக்கு, அடுத்த தேர்தலில் அவரே காணாமல் போனார். ஒன்று துணைவேந்தருக்கு, அவர் வடக்கே மாற்றலாகிப் போனபோது பொன்னாடைகளை மட்டும் எடுத்துப் போனார். ஒன்று விழாச் செலவை ஏற்ற நகைக்கடைக்காரருக்கு, அவர் சீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கடையையே காலி செய்தார். ஒன்று நூலகத்துக்கு, அங்கே கூரை ஒழுகியதில் நூலகமே ஒரு நீர்நிலையாகிவிட்டது. கடைசி ஒன்று முருகையன் சாருடையது. அவர் இறந்தபோது மாணவர்கள் மரியாதையாக அதை நெஞ்சின் மேல் வைத்தார்கள், கருவடிக்குப்பம் சுடுகாட்டில் அவரோடு சேர்ந்து எரிந்தது. கணினியில் இருக்குமே என்பீர்கள். இருந்தது. அந்தக் கணினியைக் கழித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. மல்லாட்டையை உரித்துக்கொண்டே, "வாங்க போவோம்" என்றேன். சட்டை மாட்டும்போது கை குறுகுறுத்தது. என் வாழ்நாளில் முதல் விற்பனை!

பதிப்பகத்தின் கிடங்கு பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். பதிப்பகத்தையே மூடப்போகிறார்கள், அந்த இடத்தில் புதுத்தொழில் முனைவோருக்குக் குளுகுளு அறை வருகிறது. மிச்சமிருப்பது செம்மல் ஒருவன்தான். என் கீழ் எழுத்தராகச் சேர்ந்தவன், இப்போது அவனே இயக்குநர், அவனே கடைநிலை ஊழியர், கொட்டாவி விடுவதும் அவனே.

"வாங்க முசியே!" என்று எழுந்தான். எனக்கு பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தமாகும் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும், அதனால் அதுவே என் பட்டப்பெயர். வந்த காரியத்தைச் சொன்னேன். "தென்கரை நீர்நிலைகளா? ஸ்டாக்ல சும்மா மலை மாதிரி இருக்கு. ஆனா விக்க முடியாது. பைண்டிங் ஆவாத புத்தகம் புத்தகமே இல்லியே."

"சும்மா குடுங்க சார்" என்றாள் கொளஞ்சி.

"சும்மா குடுக்கணும்னா அதுக்குக் குழு கூடணும்மா. குழுவுல ஒருத்தர் ரிட்டயர்டு, ஒருத்தர் கனடா. முசியேயக் கேளுங்க."

கிடங்குக் கதவைத் திறந்ததும் கடல் ஈரமும் எலிமூத்திரமும் சேர்ந்து எங்களை வரவேற்றன. உள்ளே என் காலத்து அறிவெல்லாம் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கறையான் ஒவ்வொன்றும் ஒரு கொத்தவரங்காய் நீளம், பொய் சொன்னால் என் நாக்கு அழுகட்டும். தென்கரை நீர்நிலைகளின் முதல் பாரத்தைத் தலைப்பு, பல்கலைக்கழகப் பெயர், பதிப்புரிமை, அணிந்துரை எல்லாவற்றோடும் சுத்தமாகத் தின்று முடித்திருந்தன. கறையானுக்கும் முதல் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தெரியும் போலிருக்கிறது. இரண்டாவது மூன்றாவது பாரங்களும் அதன் வயிற்றில்தான். மற்றவை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கருங்கல் மாதிரி ஆகியிருந்தன. கொளஞ்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டுகளைப் புரட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒரு கட்டின் நடுவில் பிழைத்துக் கிடந்த தாளில் விரலை வைத்து, "தா... ழ... சார்! சார்!" என்று கத்தினாள்.

ஏழாம் பாரம். நல்ல பாரம், ஓரத்தில் மட்டும் பழுப்பு. தாழங்குளம் அதில் இருந்தது. அதன் வரைபடம் இல்லை. வரைபடங்களைத் தனியாக அச்சடித்து பைண்டிங் சமயத்தில் ஒட்டுவோம். ஒட்டியது மேடைக்குப் போன அந்த ஐந்து பிரதியில்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையும் சொல்ல என்னால் ஆகவில்லை.

எடுத்துப் போவதற்கு ஒரே வழி என்று செம்மல் கண்டுபிடித்தான். கேட்டில் காட்ட ஒரு சீட்டு எழுதி, கோபுரச் சின்னம் போட்ட வட்ட முத்திரையைப் பலமாகக் குத்தினான். பழைய பேப்பர் மட்டும் அங்கிருந்து எந்தக் குழுவும் கூடாமல் வெளியே போகலாம். கொளஞ்சி முத்திரையை உலர ஊதி, சீட்டைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் பாரத்தை மடித்து வெட்டித் தருகிறேன் என்றேன். "வேணாம் சார், கத்தி வெச்சா கிழிஞ்சதுன்னு சொல்லிடுவாங்க. முழுசா இருக்கட்டும்" என்றாள். பாரத்தைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை நானும் போனேன். கல்யாண மண்டபத்தில் கூட்டம். விடுதிக்காரர்கள் எல்லாருக்கும் பிரியாணி சொல்லியிருந்தார்கள், பாதி ஊர் அதற்குக் காத்திருந்தது, மீதி ஊர் நிலத்தை விற்றுவிட்டிருந்தது. கொளஞ்சியின் முறை வந்ததும் பாரத்தை அதிகாரியின் மேஜை மேல் விரித்தாள். மேஜையே மறைந்துபோனது. பாரத்தில் பக்கங்கள் வரிசையாக இருக்காது, பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் கிடக்கும், மடித்தால்தான் சரியாகும். அந்த மனுஷன் பாவம், இரண்டு கையாலும் தாளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், முருங்கப்பாக்கம் வளைவில் லாரி ஓட்டுகிறவர் மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா இது, தலயும் இல்ல காலும் இல்ல. எந்தப் பல்கலைக்கழகம்? பேரே காணுமே."

கறையானைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சி சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டாள். "இந்தாங்க சார். சீல் வெச்சிக் குடுத்திருக்காங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மைக்கிலேயே படித்தார். "கழிவுத்தாள். ஒன்று. வெளியே எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுகிறது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நான் இழவு வீட்டில்கூடச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுல இன்னா எழுதியிருந்தா இன்னா சார்" என்றாள் கொளஞ்சி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து. "சீலு நெசந்தான? கொளம் நெசந்தான? வந்து பாருங்க, காலு நனையுதா இல்லியான்னு."

அவர் கெட்டவர் இல்லை. பாரத்தைச் சுருட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "நோட் பண்ணிக்கிறேம்மா" என்றார். பிரியாணி வந்துவிட்டது.

சாப்பிடாமல் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். தாழங்குளம் நான் நினைத்ததைவிடப் பெரிது. தாழம்புதர் ஒன்றுகூட இல்லை, பெயருக்கு ஒரு பூவரச மரம். கூட்டம் முடிவதற்குக் காத்திருக்கக்கூட யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. எதிர்க்கரையில் லாரிகள் வரிசையாக நின்று செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் இந்தப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தோம்.

"இனிமே கிழிஞ்சா இன்னா" என்றாள். வேலியில் செருகியிருந்த கதிர் அரிவாளை எடுத்துவந்தாள். நான் பாரத்தை மடித்தேன். ஒரு மடிப்பு, குறுக்கே இன்னொன்று, இன்னொன்று. கைக்கு மறக்கவில்லை. தலைகீழாய்க் கிடந்த பக்கங்களெல்லாம் எழுந்து நின்றன. மடிப்புகளின் ஓரத்தை அவள் அரிவாள் நுனியால் பதமாக அறுத்தாள். அட்டையில்லாத, முதலும் முடிவும் இல்லாத பதினாறு பக்கம், அவள் மடியில் ஒரு புத்தகமானது.

"நீங்க படிங்க சார். எனக்கு மெதுவாத்தான் வரும்."

நான் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். "தாழங்குளம். ஊருக்குத் தென்மேற்கே உள்ளது. கடும் கோடையிலும் இது வற்றியதில்லை என்று இவ்வூரைச் சேர்ந்த திருமதி கொளஞ்சி கூறுகிறார்."

"எம் பேரா?"

"திருமதி போட்டு."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன். அவரு அப்படியே எழுதிக்கினாரு. அப்பறம் சார்?"

"இதன் பரப்புக்கும் எல்லைகளுக்கும், வரைபடம் நான்கு காண்க."

"காட்டுங்க."

நான் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்தது வேறொரு ஊரின் வாய்க்கால். திரும்பவும் பின்னால் புரட்டினேன். கொளஞ்சி என் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளை விட்டுவிட்டு, தலையைத் தூக்கி எதிரே பார்க்க ஆரம்பித்தாள். நானும் பார்த்தேன். ஒரு லாரி தொட்டியை உயர்த்தியது. மண் சரிந்து இறங்கியது. இன்னொன்று பின்னால் நகர்ந்து வந்தது. அந்தப் பக்கம் மண் விழ விழ, இந்தப் பக்கம் தண்ணீர் ஓசையில்லாமல் ஏறி, ஒரு படியை மூடிக்கொண்டு, எங்கள் கால்களை நனைத்தது.