இரண்டு பேர் வேலை

"இவளை இவ அண்ணன் வீட்டுலயே கொண்டு விட்டுடு. உடம்பு தேறினா அப்புறம் கூட்டிக்கலாம்," என்றாள் அத்தை.

என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். நான் சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் நோயென்று பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட மருமகள்கள் சிலர் உண்டு. அவர்களில் யாரையும் யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

"குழந்தை?" என்றேன்.

"குழந்தை எங்க வீட்டுக் குழந்தை. அதுக்கும் ஒட்ட வெச்சுட்டுப் போகணுமா?"

அப்போது வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. கொசு உள்ளே வந்தாள். தையல் கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. இருவரும் சட்டைக் காலர் தைப்பவர்கள். குட்டை உருவம், ஓயாத வாய். அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் யாருக்காவது ஞாபகம் வரும்.

"யாரை எங்க அனுப்பறீங்க அத்தை? இவ சீட்டுல யாரையும் போடமாட்டோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. தேறி வர்ற வரைக்கும் சம்பளமும் உண்டாம்."

"வீட்டுல படுத்திருக்கறவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?"

"இவ தைச்ச காலர் போட்டாத்தான் முதலாளிக்குக் கழுத்தே நிக்குதாம். வேற என்ன பண்ணுவார் பாவம்!"

அத்தை சிரிக்கவில்லை. ஆனால் வாரக் கடைசியில் கொசு சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்ததும், அண்ணன் வீட்டுப் பேச்சு நின்றது. என்னைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலிகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவில் எனக்கும் ஒரு பாய் கிடைத்தது. தட்டைக் காலால் உள்ளே தள்ளுவார்கள். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, இன்னும் எவ்வளவு இருமல் பாக்கி?" என்று கேட்பாள்.

நுரையீரல் நோய்தான், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் தேறிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. சில வாரங்களில் நானும் நம்பவில்லை. மாத்திரைகளைப் பாய்க்கு அடியில் போட்டுவைத்தேன்.

கொசு மட்டும் தினமும் சாயங்காலம் மூக்கில் துணியைக்கூடக் கட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள்.

"என்னடி, போய்ச் சேர்ந்துட்டியா, இல்ல நாளைக்கு வரட்டுமா?"

ஒரு நாள் பாயைத் தூக்கியவள் மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்தவரை, அவள் வாய் ஓய்ந்தது அன்றைக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் மெஷின் அப்படியே காலியா நிக்குதுடி. ஒருத்தரும் அதைத் தொடலை. வேலை இருக்கு, அதனால வீடு இருக்கு. வீடு இருக்கறதால உன் பொண்ணு உங்கிட்ட இருக்கா. நீ முழுங்கறது மாத்திரையை இல்ல, இதையெல்லாம்தான். முழுங்கு."

அன்றைக்குரியதை விழுங்கினேன். அப்புறம் ஒரு வேளைகூட விடவில்லை.

அவளும் இளைத்துக்கொண்டே போனாள். கேட்டால், "நீ மட்டும் ஒல்லியா அழகா இருக்கணுமா?" என்பாள்.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை. கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மெஷின் மேலயே சாஞ்சுட்டாம்மா. தூங்கறான்னு நினைச்சுட்டோம். சூப்பர்வைசர் திட்டக்கூடத் திட்டினார்."

மீதியையும் அவள்தான் சொன்னாள். படுத்திருப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் என்றுமே இருந்ததில்லை. கொசு சூப்பர்வைசரிடம் போய், "ரெண்டு மெஷின் பீஸையும் நானே தைச்சுத் தர்றேன், அவ சீட்டுல ஆள் போடாதீங்க," என்று கேட்டிருக்கிறாள். "பீஸ் வந்தா சரி, யார் கைன்னு எனக்கென்ன," என்று அவரும் விட்டுவிட்டார். அன்றுமுதல் கதவு திறக்கும் முன்பே வாட்ச்மேனோடு நின்றிருக்கிறாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது இவள் மெஷின் மட்டும் ஓடியிருக்கிறது. இருமலும் காய்ச்சலும் வந்தபோதும் பஞ்சுத் தூசி என்று சொல்லிவிட்டாள். அத்தை வாங்கி வைத்த கவர்கள் அவ்வளவும் அவள் தைத்துச் சம்பாதித்தவை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்போ இந்த வாரக் கவர்?" என்றாள்.

அடுத்த வாரமே, நான் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது, பிடித்து அழக்கூட அவள் இல்லை. கம்பெனிக்குப் போனேன். வரிசையில் எங்கள் இரண்டு மெஷின்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேருக்கான துணிக்கட்டு இருந்தது.

"இன்னொரு மெஷின் எங்க சார்?"

"எதுக்கு? ஒரே ஆள் ரெண்டு பேர் வேலையைச் செய்யலாம்னு அவ காட்டிட்டா. இன்னைலேருந்து எல்லாருக்கும் இதான் அளவு," என்றார் சூப்பர்வைசர்.

"காட்டினவ எங்க சார்?"

"அது அவ உடம்பு வாகும்மா. நீ உக்காரு."

உட்கார்ந்தேன். தைத்தேன். ஒருத்தியின் அளவு முடிந்ததும் மீதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். இந்த வேலை போனால் வீடு போகும், வீட்டோடு மகளும் போவாள் என்பது எனக்குத் தெரியும்.

"என்னது இது?"

"இது பக்கத்து மெஷின்காரியோடது சார். அவளைக் கூப்பிட்டுக் கொடுங்க."

பின்வரிசையில் ஒருத்தி இருந்தாள், யாரோடும் ஒரு வார்த்தை பேசாதவள். அவள் எழுந்து வந்து, தன் கட்டைப் பிரித்து, பாதியை அந்தத் துணியின் மேல் வைத்தாள்.