யாரோ கொடுத்துவிட்ட மாத்திரை

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று தம்பியைப் பற்றி அக்கா ஊரெல்லாம் பெருமையடிப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் கிரேன் ஓட்டும் அவன், மேஸ்திரியையே பேச்சில் மடக்குகிறவன்.

அக்காவுக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. கழிப்பறைக்கு நாலு எட்டு வைப்பதற்குள் துணி நனைந்துவிடும். இங்கே கிடைத்த மாத்திரை நாக்கை உலர்த்தி, தலையைச் சுற்ற வைத்தது. இன்னொன்று இருக்கிறது, ஆனால் இந்த நாட்டுக்கே வருவதில்லை என்று டாக்டர் கைவிரித்தார். தம்பி இருக்கும் நாட்டில் அது சாதாரணமாகக் கிடைத்தது. டாக்டர் சீட்டை நீட்டினான், கொடுத்துவிட்டார்கள். வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் அக்கா மகளுக்குப் பட்டமளிப்பு விழா. நெடுந்தூர பஸ், பிறகு கதவைச் சாத்திவிடும் மண்டபம். மாத்திரை வந்தால் போய்விடலாம் என்று இருந்தாள்.

லீவில் ஊர் வந்து இறங்கியதும் விமான நிலையச் சுங்கத்தில் அவன் பெட்டியைத் திறந்தார்கள்.

"என்ன மருந்து இது? யாருக்கு?"

பின்னால், அதே விமானத்தில் வந்த, அவனோடு வேலை செய்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். விஷயம் தெரிந்தால் அவர்கள் தங்கும் கேம்ப் முழுக்கச் சிரிக்கும். பாவி, அங்கே போய் மானம் பார்த்தான்.

"தெரியாது சார். யாரோ குடுத்துவிட்டாங்க."

யார் கொடுத்தது என்றே தெரியாத மருந்தை எந்த அதிகாரி விடுவார்? எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டர் சீட்டு அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டில் சோப்பும் சாக்லேட்டும் மேசையில் பரப்பியாயிற்று. மகள் உள்ளே போனதும் அக்கா அவனைப் பார்த்தாள்.

"அங்கயும் இல்லக்கா. எல்லாக் கடையிலயும் கேட்டுட்டேன்" என்றான்.

"விடுடா. இதை உன்கிட்ட சொல்லவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நீ எனக்காகக் கூச்சப்படாம கடை கடையா ஏறிக் கேட்டிருக்க. அதுவே போதும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான்.

மகள் போனோடு வந்தாள். "அம்மா, பஸ்ல உனக்கு டிக்கெட் போடட்டுமா?"

"முட்டி வலி கண்ணு. மாமாவைக் கூட்டிட்டுப் போ."

"போன வாரம்கூட வரேன்னு சொன்னியேம்மா?" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, நீங்களாவது சொல்லுங்க. நீங்க பேசினா அம்மா கேப்பாங்க."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், காட்டிக்கொடுக்க மாட்டான் என்ற நம்பிக்கையோடு.

"அம்மாவுக்கு முட்டி வலிதான் கண்ணு" என்றான்.

இதற்கு மட்டும் அவன் வாய் தடுமாறவே இல்லை.