இரண்டு பத்தியில் ஒரு வாசகம்

அல்போன்சம்மாளின் முப்பதாம் நாள் பூசையில் தானே பைபிள் வாசகம் வாசிக்க வேண்டும் என்று அவள் கணவர் சிலுவைராஜ் ஆசைப்பட்டார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், சிங்கப்பூரில் ஜூரோங் தொழிற்சாலை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர்.

“இருபது வருஷமா பேப்பரு, லெட்டரு எல்லாம் அவதான் வாசிச்சா. ஒரு தடவ நான் அவளுக்கு வாசிக்கணும், ரோசம்மா.”

ரோசம்மா இறந்தவளின் தோழி. ஜாலான் புசார் வட்டாரத்து ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். அது எண்பத்தாறாம் வருடம். பார்வையற்றோர் சங்கத்துக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டைப் செய்து பிளாப்பி டிஸ்கில் கொடுத்தால், விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தாக அச்சடித்துத் தரும். அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும் என்பதால் ஆங்கிலப் பூசைக்கே ஃபாதரிடம் சொல்லிவைத்தார்கள். ரோசம்மா சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, கோயில் புத்தகத்தில் இருப்பதுபோலவே இரண்டு பத்தியாகப் பிரித்து, ஓரம் சரிசெய்து அழகு பார்த்தாள்.

பூசையன்று காலையில், மணி அடித்த பிறகுதான் தாள் சிலுவைராஜின் கைக்கு வந்துசேர்ந்தது.

“சரியா இருக்குலா?”

“ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன், அண்ணே.”

அவள் பார்த்தது திரையில்.

மேடையேறிய சிலுவைராஜ் அரை வரி வாசித்து நின்றார். விரல் தொடக்கத்துக்குத் திரும்பியது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இடப்பத்தி வரியையும் வலப்பத்தி வரியையும் மெஷின் ஒரே வரியாகச் சேர்த்து அடித்திருந்தது. யாரோ இருமினார்கள். ரோசம்மா எழுந்து ஓடினாள்.

“நான் மெதுவா சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க அண்ணே.”

“வேணாம்மா. நீங்களே வாசிங்க.”

கோயில் புத்தகத்தைப் பார்த்து அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் கை தாளின்மேலேயே இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: “ரெண்டு பத்தியா போட்டீங்களா?”

“அழகா இருக்கட்டும்னு...”

“அழகாத்தான் இருந்திருக்கும்.”

அதில் குத்தல் இல்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. நல்ல மனதை ஆண்டவர் அறிவார். வாசிக்கிற விரலுக்கு அது மட்டும் போதாது.

மறுவாரம் ஒரே பத்தியாக அடித்து, சங்கத்தில் வேலை செய்த பார்வையற்ற சேதுபதியிடம் முதலில் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்தார்.

“இப்ப நேரா ஓடுது, அக்கா. இனிமே முன்னாடியே காட்டுங்கலா. நமக்கு ஸ்க்ரீன்தான் இல்ல, விரல் பத்து இருக்கு.”

அந்தத் தாளோடு, புக்கிட் மேராவிலிருந்த தன் வீட்டில், மனைவி உட்காரும் நாற்காலிப் பக்கம் திரும்பி நின்று சிலுவைராஜ் தடங்கலில்லாமல் வாசித்தார். கோயில் நிறையக் கேட்டிருக்க வேண்டியதை ரோசம்மா ஒருத்தி கேட்டாள். முடித்ததும் அவள் மெல்ல, “இறைவா, உமக்கு நன்றி” என்றாள்.

“அவ இருந்தா நடுவுல நாலு தடவ திருத்தியிருப்பா,” என்றார் அவர்.