ரப்பர் உடுப்புக்குள் ஒரு துப்பாக்கி

அந்தக் கோடையின் இறுதியில் எங்கள் ஊர் மன்றத்தின் முன் ஒரே ஒரு கேள்விதான் நின்றது. ஆற்றுக்கு மீன் பிடிக்கவும் மலைச்சரிவுக்குப் பழம் பறிக்கவும் போகிறவர்கள் கரடியிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள, ஊர் எதை வாங்கித் தருவது? முந்தைய ஆண்டு பழம் பறிக்கப் போன இருவரைக் கரடி கிழித்துப் போட்டிருந்தது. ஆகவே அது வெறும் பேச்சுக்குரிய கேள்வி அன்று.

அதற்கு மிக உரத்த குரலில் விடை சொன்னவன் நான்தான். ஆளுக்கொரு சின்னக் கைத்துப்பாக்கி என்றேன். சட்டைப் பையில் அடங்குவது, கால் அங்குலக் குண்டு போடுவது, கிழவியும் தூக்கக்கூடியது.

"விமானத்தில் வந்து இறங்கும் வேட்டைக்காரனின் தோளில் பெருந்துப்பாக்கி தொங்குகிறது! அவனுக்கு வழிகாட்டிக் கூலி வாங்கும் நம்மவளின் கையில் என்ன தொங்குகிறது? பழ வாளி தொங்குகிறது! அவன் பொழுதுபோக்குக்கு வந்தவன். நாம் பிழைப்புக்குப் போகிறவர்கள். காப்பு யாருக்கு வேண்டும்?" என்று முழங்கினேன். இதையே இரண்டு பக்கத் துண்டறிக்கையாக அச்சடித்து, கடைக் கதவிலும் நீராவிக் குளியல் கொட்டகையிலும் தேவாலயப் படியருகிலும் ஒட்டினேன். 'ஆளுக்கொரு ஆயுதம், அச்சமில்லாத ஊர்' என்பது அதன் தலைப்பு. ஊரில் பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

என் அண்ணி அகாஃபியா வரவில்லை. என் அண்ணன் ஸ்தெபான் கோடை முழுவதும் வலைப்படகில் விரிகுடாவில் கிடப்பவர். வீட்டையும் படகுத்துறையையும் மூன்று பிள்ளைகளையும் தனியாக ஆள்பவள் அண்ணி. மிளகாய்க் காரத்தைப் புகைபோலப் பீய்ச்சும் தெளிப்பான் ஆளுக்கொன்று, சுடத் தெரிந்தவர்களிடம் இரண்டு பெருந்துப்பாக்கி என்பது அவளுடைய தரப்பு. கூட்டத்தில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கேஷா, அதால சுட்டுப் பாத்தியா?"

"கரடியையா?"

"எதையாச்சும்."

மன்றம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மாலை வாக்கெடுப்பு என்று தலைவி மக்ரீனா அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றில் வெள்ளிச் சால்மன் மீன் கடலிலிருந்து ஏறத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. முதல் நாள் மீன் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது. ஆற்றுக்கு நடக்க முடியாதவர்களுக்கே அது போய்ச் சேரவேண்டும். அந்த ஆண்டு அந்த வரிசையில் முதல் பெயர் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த யெஃபிம் மாமாவுடையது. அண்ணன் கடலில் இருந்ததால் நானும் அண்ணியும் படகை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். என் புதுத் துப்பாக்கியும் வந்தது. மறுநாள் மன்றத்தில், 'நேற்றுகூட இதை நம்பித்தான் ஆற்றில் இறங்கினேன்' என்று சொல்ல ஒரு வரி எனக்குத் தேவைப்பட்டது.

கரையில் ஆற்று உடுப்பை மாட்டினேன். பாதத்திலிருந்து மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பு அது. தோள்வார்களை இழுத்து மாட்டி, விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து ஆளை இழுத்துவிடாதபடி இடுப்பில் பெல்ட்டை இறுக்கி, மழை தூறியதால் மேலே எண்ணெய்க் கோட்டையும் போட்டுக்கொண்டேன். அண்ணி தன் தெளிப்பானை எல்லாவற்றுக்கும் மேலே, நெஞ்சின் குறுக்கே ஒரு வாரில் கட்டியிருந்தாள்.

"என்ன அண்ணி, பதக்கமா?" என்றேன்.

"உன் பதக்கம் எங்க கொழுந்தனாரே?"

"பத்திரமா இருக்கு."

அவள் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். ஆற்றில் இறங்கினாள்.

நண்பகலுக்குள் ஒன்பது மீன்கள் சேர்ந்தன. நான் கூழாங்கல் திட்டில் குந்தி குடல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆற்றின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. அண்ணியின் குரல்தான் கேட்டது. மிகத் தாழ்ந்த குரல்.

"கேஷா. எந்திரி. மெதுவா."

எழுந்தேன். புதர் ஓரத்தில், முப்பது அடி தூரத்தில், கரடி நின்றது. தோளில் திமிலும் மார்பில் சேறுமாக நின்ற பெரிய ஆண் கரடி. மீனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. இடுப்பில் ரப்பர் இருந்தது. அதற்கு மேலே எண்ணெய்க் கோட்டு இருந்தது. துண்டறிக்கையில் நான் பாடிப் புகழ்ந்த ஆயுதமோ, உடுப்புக்கு உள்ளே, கால்சட்டையின் வலப் பையில், வெதுவெதுப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்ற வேண்டும், தோள்வார் இரண்டையும் இறக்க வேண்டும், பெல்ட்டை அவிழ்க்க வேண்டும், மீன் பிசுக்கு அப்பிய விரல்களைப் பைக்குள் விட வேண்டும். அதுவரை பொறுத்திருக்குமாறு கரடியிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

"என்ன தேடுற?" என்றாள் அண்ணி, கரடியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"துப்பாக்கி."

"எங்க இருக்கு?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"கால்சட்டைப் பையில."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவளை வணங்குகிறேன். "தடவுறத நிறுத்து. மீன் பைய எடுத்துக்க. பின்னாலயே நடந்து எங்கிட்ட வா. ஓடாத. பேசு."

"யார்கிட்ட?"

"வந்திருக்கிறவர்கிட்டதான். மன்றத்துல மூணு மணி நேரம் பேசுவியே. இப்ப தொண்டை அடச்சுப் போச்சா?"

"மீன விட்டுட்டுப் போயிடலாமே அண்ணி."

"இன்னிக்கு நீ குடுத்தா நாளைக்கு அடுத்தவன்கிட்ட கேக்கும். எடு."

பையை எடுத்தேன். பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பணிவான சொற்பொழிவை நான் ஆற்றியதில்லை. "பெரியவரே, நாங்க உங்களப் பாக்கல. தப்பு எங்க மேலதான். இந்த மீன் நடக்க முடியாத ஒரு மனுஷனுக்கு. உங்களுக்கு ஆறு பூரா இருக்கு. நாங்க போயிடுறோம்."  பேச்சை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரடி பின்வாங்கி அண்ணியின் தோளருகே வந்து சேர்ந்தேன்.

கரடி தலையைத் தாழ்த்தியது. காதுகள் பின்னால் மடிந்தன. பிறகு அது வந்தது. கூழாங்கற்கள் தெறிக்க, ஒரு வீடே உருண்டு வருவதுபோல வந்தது. அண்ணி தெளிப்பானின் பூட்டைக் கட்டைவிரலால் தட்டிவிட்டு, தரையை நோக்கித் தாழ்வாகப் பிடித்து அழுத்தினாள். செம்மஞ்சள் மேகம் ஒன்று எங்களுக்கும் அதற்கும் நடுவே எழுந்தது. கரடி அதற்குள் புகுந்தது, தும்மியது, முன்னங்காலால் மூக்கை அறைந்துகொண்டது, திரும்பிப் புதரை முறித்துக்கொண்டு ஓடியது.

காற்று எங்கள் பங்கை எங்களுக்கே திருப்பிக் கொண்டுவந்தது. இருவரும் கண்ணீர் வடியப் படகை நோக்கித் தடுமாறினோம்.

"அழாத கொழுந்தனாரே. கரடி போயிடுச்சு."

"காரம் அண்ணி."

"நானும் அதத்தான் சொன்னேன்."

துறைக்குப் பாதி வழியில் ஒரு மணல்மேட்டில் அவள் படகை ஒதுக்கினாள். "இப்ப எடு," என்றாள். உடுப்பைக் கழற்றித் துப்பாக்கியை எடுத்தேன். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஊறிய மரத்தண்டைக் காட்டினாள். பத்தடியில் நின்று மூன்று குண்டு போட்டேன். நின்ற இடத்திலேயே கிடக்கும் மரத்தில் ஒன்று தவறிப் போயிற்று. மற்ற இரண்டையும் மீன் கத்தியால் குடைந்து எடுத்தோம். பாதிக் கட்டைவிரல் ஆழம்தான் போயிருந்தன. பட்டாணியளவு ஈயம் இரண்டும் என் உள்ளங்கையில் உருண்டன. அந்தக் கரடியின் தோள்கொழுப்பும் மண்டையெலும்பும் கண்முன் வந்து நின்றன.

"கைக்கு எட்டியிருந்தா சுட்டிருப்பியா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சுட்டிருப்பேன்."

"அதுக்குக் கோவம் வந்திருக்கும். அவ்வளவுதான் ஆயிருக்கும்."

கரடியை இழித்துப் பேசினால் அதற்குக் கேட்கும் என்று அண்ணியின் தாய் வீட்டார் சொல்வதுண்டு. அதை மூடநம்பிக்கை என்று நான் மேடையிலேயே ஏசியிருக்கிறேன். அதற்குக் கேட்குமா என்று இன்றும் நான் அறியேன். ஆனால் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பவன் ஓடமாட்டான் என்பதை அன்று அறிந்தேன். ஓடுகிறவனைத்தான் அது இரையாக எண்ணுகிறது. பணிவு என்று அவர்கள் பெயரிட்டதற்குள் ஒரு பாதுகாப்பு இருந்தது. துணிவு என்று நான் பெயரிட்டதற்குள் ஒன்றுமே இருக்கவில்லை.

யெஃபிம் மாமா கட்டிலில் சாய்ந்தபடி மீனை இரு கைகளாலும் வாங்கினார். "குயானா," என்றார். எங்கள் மொழியில் நன்றி. பிறகு எங்கள் கண்களைப் பார்த்தார். "மீன் குடுக்க வந்து ஏன் ரெண்டு பேரும் அழுறீங்க? நான் இன்னும் சாகலயே."

"கேஷா கரடிக்குச் சொற்பொழிவு பண்ணான் மாமா," என்றாள் அண்ணி. "அது மனசு உருகிக் காட்டுக்குப் போயிடுச்சு."

"பாவம், ஊர்க்காரங்களுக்குத் தப்பிக்க அந்த வசதி இல்ல," என்றார் மாமா.

துப்பாக்கி எங்கே இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் என் தரப்பு ஊர்ச் சிரிப்பில் முடிந்திருக்கும். அவள் தரப்பு வென்றிருக்கும். அதைச் சொல்லும் உரிமையை அவள் எனக்கே விட்டுவைத்தாள். என்னைக் கரடியிடமிருந்து காத்தது ஒரு கடன் என்றால், என் மானத்தை என் கையிலேயே கொடுத்தது அதைவிடப் பெரிய கடன்.

சனிக்கிழமை மாலை மன்றத்துக்கு ரப்பர் உடுப்போடும் எண்ணெய்க் கோட்டோடும் போனேன். மேடையில் ஏறி நின்றேன்.

"என்னப்பா, கூரை ஒழுகுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார் தலைவி மக்ரீனா.

"தோழர்களே," என்றேன். "என் துண்டறிக்கை சொன்ன துப்பாக்கி குண்டில்லாமல் இப்போது என் பையில் இருக்கிறது. அண்ணி வாசலிலிருந்து நடந்து வருவார். ஓட வேண்டாம், நடந்தால் போதும். அவர்தான் கரடி. அவர் என்னைத் தொடுவதற்குள் நான் அதை வெளியே எடுத்துவிட்டால் என் தீர்மானத்துக்கு வாக்களியுங்கள்."

அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு, கடைக்கு மாவு வாங்கப் போகிறவளைப்போல நடந்து வந்தாள். நான் கோட்டைப் பிய்த்தேன். தோள்வார் ஒன்றை இறக்கினேன். மற்றொன்று காதில் மாட்டியது. பெல்ட்டில் கை வைத்தபோது என் தோளில் அவள் கை விழுந்தது.

"செத்துட்ட கொழுந்தனாரே."

மன்றம் அதிர்ந்து சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். பிறகு அந்த ஈயத் துண்டுகள் இரண்டையும் மேசையில் வைத்து, மரத்துக்குள் அவை எவ்வளவு ஆழம் போயிருந்தன என்று சொன்னேன்.

"நேற்று நான் உயிரோடு திரும்பியது என் ஆயுதத்தால் அல்ல, அது என் கைக்கு எட்டாததால். ஏழைக்கும் காப்பு வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கேள்வி இன்னும் சரிதான். ஆனால் காப்பைக் கேட்டுவிட்டு ஆறுதலைக் கையில் திணிக்கப் பார்த்தேன். ஆறுதலைச் சமமாகப் பங்கிட்டால் சாவைத்தான் சமமாகப் பங்கிட்டிருப்போம். என் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன். அண்ணியின் தீர்மானத்தை வழிமொழிகிறேன்."

நான் மன்றத்தில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அண்ணியை நிறுத்தினேன். ஊர் முழுவதின் முன்னும் தடுமாறாத நாக்கு அங்கே தடுமாறியது. "குயானா அண்ணி," என்றேன். 

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். உடுப்பு அங்கே இன்னும் இறுக்கியபடியே இருந்தது.

"எனக்கு எதுக்கு? அந்த பெல்ட்டுக்குச் சொல்லு."

வீட்டுக்குப் போய், அதை அவிழ்க்கும்போது, அதற்கும் சொன்னேன்.