விருது வாங்கிய படிக்கட்டு

நடுவர் அம்மாவின் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் விருது விழா முடிந்த மறுநாளிலிருந்து, அந்த வீட்டுக்குள் நுழைய அவர் ஒருவர் மட்டும் நான்கு மாடி ஏற வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் வெளிக்கதவைத் தாண்டி, செருப்புப் பலகையைத் தாண்டி, நேராகக் கூடத்துக்கு வந்து கேனை வைத்துவிட்டுப் போனார். நடுவர் அம்மா மட்டும் வாசலில் கால் வைத்ததும் காணாமல் போவார். கொஞ்ச நேரத்தில் எங்கோ அடியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். ஊற்றி வைத்த காபி ஆறி ஆடை கட்டிய பிறகு, வேர்த்து விறுவிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சேருவார். அவருடைய கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஒரே பசு மூன்று முறை செத்ததைப் பார்த்தவர் என்பதால் இதற்கெல்லாம் அசரவில்லை. பின்வாசல் வழியாக வந்து பாரேன் என்றார். பின்வாசலிலும் அதே நான்கு மாடி இருந்தது. சன்னல் வழியாக ஏறிக் குதித்தும் பார்த்தாயிற்று. அந்த வயதில் அது பார்க்கக் கொஞ்சம் கண்றாவியாக இருந்ததே தவிர, படிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

அது எந்தப் படிக்கட்டு என்று நடுவர் அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கணவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமா அது.

அந்த ஊரில் சிறந்த கட்டடத்துக்கும் நகர மேம்பாட்டுக்கும் வருடந்தோறும் ஒரு விருது கொடுப்பார்கள். அதற்கு நடுவர்களாக இருப்பவர்கள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், துறையில் பெயர் வாங்கியவர்கள். அவர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எத்தனை மாடிக் கட்டடமானாலும், நேரில் பார்க்கப் போகும்போது முதல் மாடிவரை ஏறுவார்கள். அங்கே படி திரும்பும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், இறங்கி வந்து தேநீர் குடிப்பார்கள். மேலே இருப்பதையெல்லாம் வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்கள். வரைபடத்தில் யாருக்கும் மூச்சு வாங்காது. ஏழெட்டு வருடமாக நடுவராக இருந்த நடுவர் அம்மாவும் அப்படித்தான் பார்த்தார், அப்படித்தான் மதிப்பெண் போட்டார், அதில் தப்பு இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருடம் இறுதிச் சுற்றுக்கு வந்தது ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கிளப்பி, குலுக்கல் போட்டு, அங்கே வீடு கொடுத்திருந்தார்கள். வடிவமைத்த கட்டடக்கலைஞர் லிஃப்ட் வைக்கவில்லை. லிஃப்ட் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்கிறது, படிக்கட்டுதான் அவர்களை ஒன்று சேர்க்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கட்டடத்தின் நடுவே அகலமான படிக்கட்டு, ஒரு பக்கம் முழுக்க ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் சுவர், அதன் வழியே படிமேல் விழும் வெளிச்சம். நடுவர் குழுவுக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பாதி மனசு போய்விட்டது. அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடியில்தான் நடுவர் அம்மாவின் அக்கா குடியிருந்தாள்.

இதை யாரும் அறிந்திருக்கவில்லை. நடுவர் அம்மாவுக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே துறையில் எவருக்கும் தெரியாது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், விடுதியில் எல்லாப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து அவரவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் அப்பா பெரிய மருத்துவர். அவருடைய மருத்துவமனையில்தான் இவருடைய அக்கா நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். இவர் முறை வந்தபோது, “எங்க வீட்ல நான் ஒரே பொண்ணு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு சாயங்காலத்துக்கு என்று சொன்ன பொய், பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி, தலை நரைத்த பிறகும் கூடவே வந்தது. அப்போது பாடம் நடத்திய பேராசிரியர்தான் இப்போது நடுவர் குழுத் தலைவர். ஒரே பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி நிதானம் வரும் என்று அவர் மேடைகளில்கூட இவரைப் பாராட்டியிருக்கிறார். அக்காவுக்கு இது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. விருந்தாளிகள் வராத நாளாகப் பார்த்து வந்து, பின்கட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, இருட்டுவதற்குள் போய்விடுவாள்.

உறவினர் யாராவது அந்தக் கட்டடத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. யாரும் இல்லை என்று நடுவர் அம்மா சொல்லியிருந்தார். குழு பார்க்க வரும் நேரத்தில் அக்கா வெளியே போயிருப்பாள் என்று நம்பினார். ஆனால் குழு முதல் மாடிக்கு ஏறி வந்தபோது, படி திரும்பும் இடத்தில், காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய முழங்காலை நீவியபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகவே அங்கே ஒருமுறை, இரண்டாம் மாடியில் ஒருமுறை, மூன்றாம் மாடியில் வெகுநேரம் என்று உட்கார்ந்துதான் அவளால் வீடுபோய்ச் சேர முடியும். தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, வாடி என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மலர்ந்த முகத்தை அப்படியே சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத பெரிய மனிதர்களுக்கு ஒதுங்குவதுபோல் சுவரோரம் நகர்ந்து வழிவிட்டாள்.

குழுவில் கழுத்தில் கேமராவோடு ஒருவர் இருந்தார். அவருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. “அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க” என்று குனிந்து நிமிர்ந்து படம் எடுத்தார். “தினமும் இங்க உக்காந்து பேசிட்டிருப்பீங்களா?” என்று கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்க்காமல், “ஆமாங்க, எல்லாரும் உக்காருவோம். உக்காந்துதாங்க ஆகணும்” என்றாள். கேமராக்காரர் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டார். நடுவர் அம்மா முழுதையும் கேட்டார். தலைவர் தோளைத் தொட்டு, பாராட்டுரையை நீங்களே எழுதிவிடுங்கள் என்றபோது சரி என்று தலையாட்டினார். அக்கம்பக்கத்தார் ஓய்வாக அமர்ந்து உறவு வளர்க்கும் படிக்கட்டு என்று அன்று மாலையே எழுதியும் கொடுத்தார். அதை எழுதியபோது அவருடைய காது இரண்டும் நெருப்பாகச் சுட்டதை அவர் கணவர்கூடக் கவனித்து, காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார். முதல் பரிசு அந்தக் கட்டடத்துக்கே போயிற்று. விருது மலரின் அட்டையில் படியில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் படம் வந்தது.

விருது விழாவுக்கு மறுநாள்தான் படிக்கட்டு அவர் வீட்டுக்கு வந்தது. வரைபடத்தில் பார்த்த மாடிகளை நடுவர் அம்மா இப்போது காலால் பார்த்தார். இரண்டாம் மாடியில் யாரோ சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள் பாதி வழியை அடைத்திருந்தது. கைப்பிடி பார்க்க லட்சணமாக இருந்தாலும், பிடிக்க முடியாத பருமனில் இருந்தது. குழுவைச் சொக்க வைத்த வெளிச்சம் மூன்றாம் மாடியில் மத்தியான நேரத்தில் மண்டையைப் பிளந்தது. முன்பு அதே வெளிச்சத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியவர், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஏறினார்.

ஒரு மாதம் போன பிறகு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் சின்னப் பெண்ணின் குதூகலம். “ஏய், ஒரு கூத்தைக் கேளு. ஒரு மாசமா, கீழ வாசல்ல கால வெச்சா நேரா என் வீட்டுக்குள்ள நிக்கிறேன்டி! எனக்கு மட்டும் படியே இல்ல. யாரு செஞ்ச புண்ணியமோ.” நடுவர் அம்மா அப்படியா என்று மட்டும் கேட்டார். நான்காம் மாடிப் பெண்கள் தங்கள் அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் அக்காவிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் நடுவர் அம்மாவுக்கும் வெறும் கையோடு ஏறும்போது தோளில் மூட்டை அழுத்தியது. இன்றைக்கு அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி அரிசி வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்.

ஒருமுறை வேறொரு ஊர்க் கட்டடத்துக்கு மதிப்பெண் போடப் போய், ஒரு வாரம் ஓட்டலில் தங்கினார். ஓட்டலில் படிக்கட்டு தொடரவில்லை. இரவெல்லாம் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினார். திரும்பி வந்தபோது கணவர் சொன்னார், அக்காவுக்குப் படி திரும்ப வந்துவிட்டதாம், மூன்றாம் மாடியில் தடுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறதாம் என்று. நடுவர் அம்மா பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வாசலுக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறினார். சின்ன வயதில் அவர்கள் ஒரு மாடியறையில் குடியிருந்தார்கள். ஏற மாட்டேன் என்று அழும் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறியவள் இந்த அக்காதான். அது நினைவுக்கு வந்ததும் அவமானத்தில் உடம்பே கூசியது. அதற்குப் பிறகு அவர் எந்த ஊரிலும் இரவு தங்கவில்லை.

அடுத்த வருடக் கூட்டத்தில் தலைவர் ஒரு நல்ல செய்தி சொன்னார். விருது வாங்கிய கட்டடத்தை மாதிரியாக வைத்து, ஊரின் நாலாபக்கமும் அதேபோல் குடியிருப்புகள் கட்டப் போகிறார்கள். லிஃப்ட் இல்லாமல், அதே படிக்கட்டோடு. நடுவர் குழு ஒரு வரி பரிந்துரை எழுதிக் கொடுத்தால் போதும். எல்லோரும் கைதட்டினார்கள். மேசைமேல் பழைய விருது மலர் கிடந்தது. அட்டையில் அக்கா முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். நடுவர் அம்மா எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு வந்தவரில்லை.

“இந்தப் படத்துல இருக்கிறது எங்க அக்கா,” என்றார். “கூடப் பொறந்த அக்கா. பேசறதுக்காக உக்காரல. ஏற முடியாம உக்காந்திருக்கா. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் அப்படி எழுதினேன்.”

கேமராக்காரர் மலரை எடுத்து, தான் எடுத்த படத்தை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். தலைவர் நடுவர் அம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு அக்கா இருக்காங்களா?” என்று கேட்டார். படிக்கட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நடுவர் அம்மா கூனிக்குறுகி, இருக்காங்க என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பது நான்கு மாடியைவிடப் பெரிய ஏற்றமாக இருந்தது. கேமராக்காரர் மட்டும் விடாப்பிடியாக நின்று மல்லுக்கட்டியதில், புதிய குடியிருப்புகளுக்கு லிஃப்ட் வேண்டும் என்று பரிந்துரை போயிற்று. கொடுத்த விருதைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை என்பதால் அது அப்படியே இருந்தது. நடுவர் அம்மாவை மரியாதையாக, காதும் காதும் வைத்தாற்போல் குழுவிலிருந்து விலக்கினார்கள். உண்மையைச் சொல்லியாயிற்றே, இனிப் படிக்கட்டு போய்விடும் என்று ஒரு நப்பாசையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் கால் வைத்தார். சைக்கிள் அதே இடத்தில் நின்றிருந்தது.

ஆனால் அன்று கூடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் உட்காரும் பழக்கத்தை அவள் விடவில்லைதான். கூட்டத்தில் நடந்ததைத் தொலைபேசியில் கேட்டறிந்த கணவர்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்திருந்தார். அடியில் எங்கோ செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா நிமிர்ந்தாள். அது தனக்குத் தெரிந்த படி என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தத் திருப்பத்தில் கால் தேயும், எங்கே மூச்சு முட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெறும் தரையாகக் கிடந்த வாசலைப் பார்த்துக் குனிந்து, தெருவே கேட்க, “மெதுவா வாடி! மூணாவது மாடில உக்காந்துட்டு வா, ஒண்ணும் அவசரமில்ல!” என்று கத்தினாள்.

கீழேயிருந்து, எதிர் வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும்படியான குரலில், “வர்றேங்க்கா” என்று பதில் வந்தது. நடுவர் அம்மா மேலே வந்து சேர்ந்தபோது அக்கா ஒதுங்கி வழிவிடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

படிக்கட்டு கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தது. அக்கா வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கினாள். அவளுக்கு இரண்டு வீட்டிலும் படி இல்லை. மூன்றாம் மாடியில் செருப்புச் சத்தம் நின்றதும் பாலை அடுப்பில் வைத்தால், தங்கை உள்ளே வரும்போது காபி சூடாக இருக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காபி ஆறியதில்லை.