இரண்டாம் வீட்டின் வடம்

அன்று கோயில் முற்றத்தில் இருந்தவர்கள் நான், என் அக்கா வியாகுலம்மாள், என் மகள் ஷைனி, அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் ஜெரி.

திருவிழாத் தேரின் வடத்தைக் குடும்ப எண் வரிசையில்தான் பிடிப்போம். எங்கள் எண் இரண்டு. இந்த வருடம் வரிசையைக் கைப்பேசியில் காட்ட ஷைனி ஓர் ஆப் எழுதினாள். அதில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து, பதினொன்று என்று போய், அப்புறம்தான் நாங்கள். பத்து ஜெரியின் வீடு.

"இன்னாடி, தாலி ஏறங்காட்டியும் மாமியார் வூட்டத் தூக்கி முன்னால வச்சிட்ட?" என்றாள் அக்கா.

"இர்க்கட்டும் அத்தே, நாங்களே இழுக்கிறோம்" என்று ஜெரி சிரித்தான்.

"எங்க முறையில வேற கை படாது" என்றேன். நான் சிரிக்கவில்லை.

ஷைனி லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். "அப்பா, நம்பரையெல்லாம் எழுத்துன்னு சேத்து வச்சிட்டேன். எழுத்துன்னா அது மொத இலக்கத்தத்தான் மொதல்ல பாக்கும். பத்து ஒன்னுல ஆரம்பிக்குதில்ல, அதான் ரெண்டுக்கு முன்னால வந்து நின்னுகினு கீது."

அவற்றை எண்களாக மாற்றி மறுபடி ஓட்டினாள். இரண்டு தன் இடத்துக்கு வந்தது. தேரன்று நாங்கள் வடம் பிடித்தபோது ஜெரி பின்னாலிருந்து விசில் அடித்தான்.

புகப்போகும் வீட்டுக்காக ஷைனி பிறந்த வீட்டைப் பின்னுக்குத் தள்ளினாள் என்று பக்கத்து ஊர் காலடிப்பேட்டை வரை பேச்சு. அவள் தள்ளவில்லை. எண்கள் எழுத்தாகக் கிடந்தன, அவ்வளவுதான்.